பெயர்கள் இருந்த இரண்டாம் தாள்

முதலாவது கடிதத்தின் முதலாவது எழுத்தை அடையாளம் காண எனக்கு வெகுநேரம் பிடித்தது. பழுப்பேறிய தாளில், மங்கிய மையில், கொடி படர்ந்ததுபோல ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த ஆங்கில எழுத்துகள். நான் ஊரில் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அச்சடித்த ஆங்கிலம் என்றால் மெல்ல மெல்ல வாசித்துவிடுவேன். கையெழுத்து எனக்கு வராது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தேன். தாள் சரசரத்ததிலேயே கதிரையில் இருந்த கிழவர் விளங்கிக்கொண்டார்.

"சொல்லாகப் பார்க்காதே. ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றார்.

"டி," என்றேன். "பிறகு?" என்றார். "ஈ. ஏ. ஆர்." "டியர்," என்று சொல்லிவிட்டு முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். "பார்த்தாயா, தொடங்கிவிட்டோம்."

சிட்னியின் லிட்கம் பகுதியில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ரயில் பாதைப் பக்கம் பார்த்த அறை அவருடையது. முதியவர்களைக் குளிக்க வார்ப்பதும், உடுப்பு மாற்றுவதும், சாப்பாடு ஊட்டுவதும் என் வேலை. அங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தொண்ணூறு தாண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. ஊரில் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல 'சேர்' என்றேன். "நாற்பது வருஷம் தபால் பிரித்தவன் நான். ஒரு நாய்கூட என்னைச் சேர் என்று கூப்பிட்டதில்லை. இது பெரிய பதவி உயர்வு," என்று சிரித்தார். அவர் பேசியது முழுக்க ஆங்கிலம். என் மனதில் நிற்கிற மாதிரித் தமிழில் எழுதுகிறேன்.

எவ்வளவு கிறுக்கலான விலாசத்தையும் வாசித்துவிடுவார் என்று தபால் நிலையத்தில் பேர் எடுத்தவராம். பிற்காலத்தில் கண்ணின் நடுப்பகுதி பார்வை போய்விட்டது. ஓரத்தால் ஆள் வருவது தெரியும், கதவு தெரியும், எழுத்துத் தெரியாது. அவரிடம் சப்பாத்து நாடாவால் கட்டிய ஒரு கடிதக் கட்டு இருந்தது. அவருடைய அப்பாவின் கட்டு. அப்பா செத்த பிறகு, "எனக்கு நேரம் வரும்போது வாசிப்பேன்" என்று எடுத்து வைத்தாராம். நேரம் வந்தபோது கண் போய்விட்டது.

அவருடைய அப்பா அயர்லாந்தின் மேற்குப் பக்கத்துக்காரர். முதலாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சற்று முந்திய மாதங்களில், அந்த நாட்டு இளைஞர்கள் ஊர் ஊராகச் சேர்ந்து, தங்கள் நாட்டைத் தாங்களே ஆளவேண்டும் என்று சொல்லிப் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். அப்பா ஓர் ஊர் அணியின் எழுத்தர். அப்பாவின் தமையன் பக்கத்து ஊர் அணியின் எழுத்தர். கட்டில் இருந்தவை தமையன் எழுதிய கடிதங்கள். போர் வருவதற்குச் சில நாள்களுக்கு முன், அப்பா ஒருவருக்கும் சொல்லாமல் கப்பலேறிச் சிட்னிக்கு வந்துவிட்டார். தமையன் அங்கேயே நின்று பிற்காலத்தில் சுடப்பட்டுச் செத்தார். சொந்தக்காரர் எல்லாரும் அப்பாவை 'ஓடினவன்' என்றே சொன்னார்கள். வீட்டில் சண்டை வரும்போது கிழவரின் தாயும் அந்தச் சொல்லை எடுப்பாளாம். அப்பா ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை.

"ஓடினாரா, அல்லது வேறு காரணம் இருந்ததா? சாவதற்கு முன் எனக்கு அது தெரியவேண்டும். கிடைக்கிற பதில் நல்லதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை," என்றார் கிழவர்.

மெல்பேர்னில் இருந்த மகள் மாதக் கடைசிச் சனிக்கிழமை வரப்போகிறாள். சிட்னியில் தங்கள் குடும்பம் போய்வந்த தேவாலயத்தைச் சேர்ந்த சரித்திர ஆர்வலர்களிடம் கடிதங்களைக் காட்சிக்கு வைக்கக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன் எல்லாவற்றையும் வாசித்துவிட வேண்டும். மகளை வாசிக்கச் சொல்லலாமே என்று கேட்டேன். "பதில் கெட்டதாக இருந்தால் அவள் என்னைச் சமாதானப்படுத்துவாள். நீ பேசாமல் இருப்பாய்," என்றார்.

ஒன்றரை மணிக்கு எனக்கு அரை மணி நேர ஓய்வு. அந்த அரை மணியில் நான் எழுத்துகளைச் சொல்வேன், அவர் சொற்களாக்குவார். பாதிச் சொல்லிலேயே முழுதையும் பிடித்துவிடுவார். நான் சொல்வது என்னவென்று எனக்கே தெரியாது. அவர் வாயில் அது வசனமாகி வரும்போதுதான் எனக்கும் விளங்கும். உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், துவாய் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அறைக்குள் எட்டிப் பார்ப்பார்.

"என்னடியப்பா, இந்த வயசில கிழவனிட்ட ஏபிசிடி படிக்கிறியோ?"

"இல்லையக்கா, கடிதம் வாசிக்கிறன்."

"காதல் கடிதமோ? கிழவன்ர முழியைப் பார்த்தாலே தெரியுது."

"சும்மா போங்கோ அக்கா."

கிழவர் என்ன சிரிப்பு என்று கேட்பார். நான் சொல்லமாட்டேன்.

முதல் கடிதங்கள் கலகலப்பாக இருந்தன. ஞாயிறு பூசை முடிந்து வயலில் அணிவகுப்பு. துப்பாக்கி இல்லை, விளையாட்டு மட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். இடது, வலது தெரியாத ஒருவனுக்கு ஒரு காலில் வைக்கோல் கட்டி விட்டிருக்கிறார்கள். மழையில் முரசின் தோல் நனைந்து சத்தம் வரவில்லை. கிழவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இந்தச் சிரிப்பை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் அண்ணா இயக்கத்துக்கென்று வீட்டைவிட்டுப் போன புதிதில் எழுதியதும் இப்படித்தான்: யாரோ ஒருவன் சேற்றில் விழுந்த கதை, உப்பில்லாத கஞ்சியின் கதை.

ஐந்தாவது, ஆறாவது கடிதங்களில் சிரிப்புக் குறைந்தது. வசனங்கள் குட்டையாகின. 'அன்று சொன்ன பொருள் வந்துவிட்டது. நனையாத இடத்தில் இருக்கிறது' என்று ஓர் இடத்தில் இருந்தது. பொலிஸ்காரர் பாதிரியாரிடம் வந்து விசாரித்துப் போனாராம். ஐரோப்பாவில் ஏதோ நடக்கப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, ஆனால் வைக்கோல் இந்த முறை நன்றாக வந்திருக்கிறது. பயம் என்ற சொல் அந்தக் கடிதங்களில் ஓரிடத்திலும் இல்லை. அது இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆறாவது கடிதத்தின் அடியில் நான் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். "பி. யூ. ஆர். என்." அவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எரி. வாசித்ததும் எரித்துவிடு.

"பார், எரிக்கச் சொன்னதை எல்லாம் கட்டி வைத்திருக்கிறார் என் அப்பா," என்று கிழவர் தலையை ஆட்டினார். நான் தாளை மடித்து வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து போனேன். உண்மையில் இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

நான் ஏன் அப்படி எழுந்து போனேன் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். எனக்குப் பதினேழு வயதில் அண்ணாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆள் மாறி ஆள் மாறிக் கைகளால் வந்த கடிதம். அதில் எங்கள் ஊர்ப் பொடியன்கள் மூன்று பேரின் பெயரை எழுதி, 'இவையளும் என்னோடதான் இருக்கினம், சுகமாக இருக்கினம், வீடுகளுக்குச் சொல்லிவிடு' என்று இருந்தது. அந்தத் தாய்மார் நிம்மதியாக நித்திரை கொள்ளட்டும் என்று நினைத்துத்தான் அண்ணா எழுதினான். அம்மா என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உடன எரிச்சுப் போடு பிள்ளை" என்றார். நான் குசினிக்குப் போனேன். அடுப்பில் ஒரு பழைய கொப்பித் தாளை எரித்தேன். அண்ணாவின் எழுத்தை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தின் உறைக்குள் செருகி வைத்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு இராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைத்துத் தேடினார்கள். எங்கள் வீட்டிலிருந்து அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை அந்த மூன்று வீடுகளுக்கும் போய், மூன்று வீடுகளிலும் ஒவ்வொரு ஆளை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு தகப்பன்மார், ஒரு தம்பி. தகப்பன்மார் திரும்பி வந்தார்கள். தம்பி வரவில்லை. அவனுக்கு என் வயதுதான். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று ஊர் பேசியது. அம்மாவும் அப்படித்தான் நம்பினார். அந்த மூன்று பெயர்களை நான் அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் எழுதியதில்லை. இதிலும் எழுதமாட்டேன்.

கடைசிக் கடிதத்துக்கு வந்தபோது மகள் வருவதற்கு ஒரு கிழமை இருந்தது. முதல் தாளை வழக்கம்போலச் சொன்னேன். அவர் சொற்களாக்கினார். 'நீ போய்விடு. சனிக்கிழமை ரயிலில் போ. விடைபெற வீட்டுக்கு வராதே. அம்மா அழுவாள், எனக்கு அதைப் பார்க்க முடியாது. என்னை எதிர்த்து எழுதாதே. நான் உனக்கு மூத்தவன்.' அத்தோடு தாள் முடிந்தது. நான் இரண்டாம் தாளை எடுத்தேன்.

அது கடிதம் இல்லை. ஒன்றின்கீழ் ஒன்றாக, இடதுபக்கம் வரிசை பிடித்து நிற்கும் பெயர்கள். வலதுபக்கம் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு சிறு குறிப்பு. கையெழுத்து வாசிக்கத் தெரியாதவளுக்கும் பெயர்ப்பட்டியல் என்றால் தெரியும். கிழவரின் நகம் வெட்டிய கத்தரிக்கோல் மேசையில் கிடந்தது, அடுத்த அறையில் தொலைக்காட்சி ஓடியது, ஸ்ட்ரத்ஃபீல்ட் பக்கம் ஒரு ரயில் போனது. என்னுடைய கை அந்தத் தாளை நாலாக மடித்து, சீருடைப் பைக்குள் வைத்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. செய்து முடித்த பிறகுதான் யோசித்தேன்.

"பிறகு?" என்றார் அவர்.

"முடிஞ்சுது, சேர்."

"கையெழுத்து?"

"இல்லை."

"கையெழுத்து இல்லாமல் ஒருவன் கடிதம் முடிக்கமாட்டான். இன்னொரு தாள் இருக்கவேண்டுமே. நன்றாகப் பார்."

"இல்லை, சேர்," என்றேன். என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது.

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "துரத்தியிருக்கிறான்," என்றார். "பயந்துபோனவனைத் தமையன் துரத்தியிருக்கிறான். சரி. கேட்டேன், பதில் கிடைத்துவிட்டது." நான் பேசாமல் இருப்பேன் என்று நம்பித்தான் அவர் என்னை வாசிக்கச் சொன்னார். நான் பேசாமல் இருந்தேன்.

மறுநாளிலிருந்து அவர் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். மூன்றாம் நாள் இருமல் தொடங்கியது. நான்காம் நாள் காய்ச்சல். டாக்டர் வந்து நெஞ்சில் சளி என்று சொல்லி, மகளுக்கு அறிவிக்கச் சொன்னார். அந்தத் தாள் எங்கள் வீட்டுக் குசினியில் சீனிப் போத்தலுக்கு அடியில் கிடந்தது. ஒவ்வொரு பின்னேரமும் வேலையால் போய் அடுப்பைப் பற்றவைப்பேன். எரித்துவிடலாம் என்று நினைப்பேன். ஒரு முறை எரிக்காமல் விட்டதற்கு நடந்தது போதும் என்று நினைப்பேன். பிறகு அடுப்பில் தேநீருக்குத் தண்ணீரை வைப்பேன். தெருவில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் போய் வாசல் பூட்டைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஐந்தாம் நாள், தோய்க்கிற அறையில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். முழுதும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்துவிட்டேன், அதில் பெயர்கள் இருக்கின்றன, மகள் அதைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டப் போகிறாள் என்று மட்டும் சொன்னேன்.

"உனக்கென்ன விசரோ?" என்றார் அக்கா, படுக்கை விரிப்பை உதறிக்கொண்டே. "நூறு வருசத்துக்கு முன்னம் செத்த சனம். இனி ஆர் வந்து ஆரைப் பிடிக்கப் போறாங்கள்?"

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சுகொண்டு?"

"தெரிஞ்சுகொண்டுதான் எடுத்தனான்."

அக்கா விரிப்பைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் ஊரில் ஆட்கள் இருந்தார்கள். அதற்கு மேல் கேட்கவில்லை. "கிழவன் கெதியில போயிடும். குடுக்கிறதெண்டால் இண்டைக்கே குடு," என்று மட்டும் சொன்னார்.

இடைவேளையோடு இன்னுமொரு மணி நேரம் கேட்டு வாங்கி, ரயிலேறி ஹோம்புஷ்ஷில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்த் தாளை எடுத்தேன். திரும்பும் வழியில், ரயிலில், முதல்முறையாக அதை மறுபக்கம் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. கீழே ஒரு கையெழுத்து. கிழவர் சொன்னது சரி. கையெழுத்து இல்லாமல் அவன் முடிக்கவில்லை.

அறைக்குள் போனபோது அவர் கண்ணை மூடிக் கிடந்தார். மூச்சு மேலும் கீழும் இழுத்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டேன். "சேர், இரண்டாம் தாள் இருந்தது. நான்தான் எடுத்தேன்," என்றேன். அசைவில்லை. எழுத்துகளைச் சொல்லத் தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று பார்த்தேன். அவர் ஒன்றையும் சேர்த்துத் தரவில்லை. வேறு வழியில்லாமல் நானே சேர்த்தேன். டி, ஏ, கே, ஈ. டேக். எடு. டி, எச், ஐ, எஸ். இதை. முப்பது வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன், அப்படி வியர்த்து ஒன்றையும் நான் வாசித்ததில்லை. ஒரு வரியைப் பிடிக்க நாலு தரம் பின்னால் போனேன். 'முன்பக்கத்தில் நம்மவர் பெயரும், யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பதும் உண்டு. இங்கே இருந்தால் இவர்களை இது கொன்றுவிடும். எரிக்கவும் முடியாது. யார் யார் நின்றார்கள் என்று பின்னால் சொல்ல ஒரு தாள் வேண்டும். இதை நீ...'

"சி. ஏ. ஆர்," என்றேன். அடுத்த எழுத்தில் மை பரவியிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேரி," என்றது கட்டில். கொண்டு போ.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "பிறகு?" என்றார்.

மிச்சத்தை இருவரும் சேர்ந்தே வாசித்தோம். 'இதை நீ கடலுக்கு அப்பால் கொண்டு போ. உனக்குத்தான் மனைவி இல்லை. வேலை தேடிப் போகிறாய் என்று அம்மாவிடம் சொல்வேன். ஊர் வேறு விதமாகச் சொல்லும். நீ பதில் சொல்லாதே. யார் கேட்டாலும் சொல்லாதே. இதைவிடக் கடினமான வேலையை நான் ஒருவனுக்கும் கொடுக்கவில்லை.' கையெழுத்தை எழுத்தெழுத்தாக அவர் கேட்டார். சொன்னேன். தமையனின் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். மூடிய இமைகளின் ஓரத்தால் நீர் காதுப்பக்கம் இறங்கியது. நான் துடைக்கவில்லை.

"ஏன் எடுத்தாய்?" என்று கேட்டார்.

என் உடைந்த ஆங்கிலத்தில், வரைபடப் புத்தகத்தின் கதையைச் சொன்னேன். அம்மாவுக்குச் சொல்லாததை, என் கணவருக்குச் சொல்லாததை அவருக்குச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "எத்தனை பேர்?" என்றார். "மூன்று. இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்." அவர் கை போர்வைக்கு மேலே வந்து தேடியது. பிடித்துக்கொண்டேன். சூடாக, எலும்பாக இருந்தது. மகள் மறுநாள் மெல்பேர்னிலிருந்து வந்து சேர்ந்தாள். அவளுக்கு அவரே சொன்னார், "ஓடவில்லை" என்று. வெள்ளிக்கிழமை விடியும்போது போய்விட்டார்.

தாளை நானே மகளின் கையில் கொடுத்தேன். எடுத்தது நான் என்பதையும் சொன்னேன். "எங்கள் ஊரில் பெயர்கள் எழுதுவது நல்லதில்லை" என்று மட்டுந்தான் ஆங்கிலத்தில் சொல்ல வந்தது. அவள் என் தோளைத் தொட்டு, "அவர்கள் எல்லாரும் செத்து எவ்வளவோ காலமாகிவிட்டது" என்றாள். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

சென்ற மாதம் அந்தத் தேவாலய மண்டபத்தில் கடிதங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். மகள் அழைத்திருந்தாள், போகாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் தாளைப் பெரிதாக்கி, ஒரு சுவர் முழுக்க ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு முழ நீளம். அதன் பக்கத்திலேயே, பொருளை ஒளித்து வைத்த அவரவர் வீடும், கூரையும், கிணறும். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். பெயரைக் கண்டுபிடித்ததும் கத்தினார்கள், விரலால் தொட்டார்கள், அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். கேக் துண்டு வைத்த தட்டோடு ஒரு மூதாட்டி என்னிடம் வந்து, "உங்கள் ஆட்களும் இதில் இருக்கிறார்களா?" என்று அன்பாகக் கேட்டார். மூன்று பெயர்கள் என் தொண்டைவரை வந்தன. "இல்லை," என்றேன். அவர் தட்டோடு சுவரைப் பார்க்கத் திரும்பினார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெளிக்கதவால் யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.